பூனைக் கணக்கும் கானமயிலும்

காற்றாலைகளாலும் சூரிய மின் பூங்காக்களாலும் காட்டுயிர்களுக்கு நேரும் கேட்டைப் பற்றி யார் வாய் திறந்தாலும் பதில் தயாராக இருக்கிறது. காற்றாலைகளைவிடப் பூனைகளும் கண்ணாடிச் சன்னல்களும்தான் பல மடங்கு அதிகமாகப் பறவைகளைக் கொல்கின்றன என்கிறார்கள். புவி சூடேறினால் எல்லா உயிரும் அழியும், ஆகவே இன்று சில பறவைகள் சாவது நாளைக்குப் பல இனங்கள் பிழைப்பதற்குக் கொடுக்கும் விலை என்கிறார்கள். அதற்கு மேலும் பேசினால், "அப்படியென்றால் நிலக்கரியையே எரித்துக்கொண்டிருக்கலாமா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். தொழில்துறையினர் மட்டும் இப்படிப் பேசினால் நான் கவலைப்பட மாட்டேன். சூழல்மீது உண்மையான அக்கறை கொண்டவர்களே இப்படிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் கருத்து தவறானது. அதைவிட, யாரை எதிர்த்துக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர்களைக் காப்பாற்றிவிடும் கருத்து இது.

நிலக்கரிக்காக வாதாட நான் வரவில்லை. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றை என்ன செய்திருக்கிறது என்பது சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டைச் சுரங்கத்துக்காக வெட்டுவதும் கண்முன்னே நடக்கிறது. அனல்மின் நிலையங்கள் மூடப்பட வேண்டும், சூரிய ஒளியும் காற்றும் அவற்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று விரும்புகிறவன்தான் இதை எழுதுகிறேன். விரும்புவதால்தான் அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது.

பூனைக் கணக்கு அமெரிக்காவில் பிறந்தது. பூனைகள் அந்நாட்டில் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, காற்றாலைகளால் சாகும் பறவைகள் 1.4 லட்சத்திலிருந்து 3.28 லட்சம் வரை இருக்கலாம் என்றது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் காற்றாலை அப்பாவியாகத் தெரியும். ஆனால் பூனை எந்தப் பறவையைக் கொல்கிறது? குருவியையும் அதுபோன்ற சிறு பறவைகளையும். அவை ஓராண்டில் வளர்ந்து முட்டையிட்டு, ஒரே பருவத்தில் பல குஞ்சுகளை வளர்த்துவிடும். பூனை கழுகைக் கொல்வதில்லை, பாறுவைக் கொல்வதில்லை. கலிபோர்னியாவின் ஆல்டமாண்ட் கணவாயில் 1980களில் ஆயிரக்கணக்கில் நடப்பட்ட சிறு காற்றாலைகள் ஆண்டுக்கு 60க்கும் மேற்பட்ட பொன்னிறக் கழுகுகளைக் கொல்வதாகப் பிறகு மதிப்பிட்டார்கள். பொன்னிறக் கழுகு முட்டையிடும் பருவத்துக்கு வரவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ குஞ்சுதான். இவற்றையெல்லாம் 'பறவை' என்ற ஒரே தலைப்பின் கீழ்ப் போட்டுக் கூட்டிக் கழித்தால் கணக்கு சரியாக வரும், உண்மை வராது.

இந்தியாவில் இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்குக் கானமயிலைவிடத் தெளிவான சாட்சி இல்லை. ஆண் பறவை ஒரு மீட்டர் உயரம் நிற்கும், 15 கிலோ வரை எடை இருக்கும். பறக்கும் பறவைகளில் இத்தனை கனமானவை உலகில் மிகச் சில. ஒரு காலத்தில் நாட்டின் வறண்ட புல்வெளிகளில் பரவலாக இருந்தது. தமிழகத்திலும் இருந்தது, நம்மிடம் அதற்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கிறது. இன்று அதன் கடைசிக் கோட்டை ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பகுதி. அங்கே அதைக் கோடாவண் என்கிறார்கள், மாநிலப் பறவையாக வைத்திருக்கிறார்கள். 1969இல் நாடு முழுவதும் 1,260 இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்ட பறவை 1978இல் 745 ஆனது. 2008இல் ஏறத்தாழ 300. 2018இல் 150க்கும் கீழே. குஜராத்தின் கட்ச் பகுதியில், நலியா புல்வெளியில் சில பெண் பறவைகள் மட்டும் மிஞ்சின. ஆண் இல்லை.

இந்த வீழ்ச்சிக்கு மின்கம்பிதான் காரணம் என்று சொன்னால் அது பொய். வேட்டையும், புல்வெளிகள் பாசன வயல்களானதும், பூச்சிக்கொல்லியும், முட்டையைத் தின்னும் நாய்களும்தான் ஆயிரத்தை இருநூறுக்குக் கொண்டுவந்தன. மறுதரப்பு இதைத்தான் தன் வலுவான வாதமாக வைக்கிறது: ஏற்கெனவே அழிந்துகொண்டிருந்த பறவை, பழியை மட்டும் எங்கள்மேல் ஏன் போடுகிறீர்கள்? நூற்று முப்பது பறவைகள் மிஞ்சியிருக்கும்போது புதிதாக வந்து சேரும் ஒரு மரணக் காரணம் என்ன செய்யும் என்பதுதான் இங்கே கேள்வி. கானமயில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதுவும் வெறுந்தரையில். டேராடூனின் இந்திய வனஉயிர் நிறுவனம், தார்ப் பகுதியில் மின்தடங்களில் மோதி ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் இறப்பதாக மதிப்பிட்டது. மொத்தத் தொகையில் ஏழில் ஒரு பங்குக்கு அருகே. ஆண்டுக்கு ஒரு முட்டை இடும் இனம் இதைத் தாங்காது என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

அந்த 18 என்பது கண்டெடுத்த உடல்களின் எண்ணிக்கை அல்ல, மதிப்பீடு என்கிறார்கள். உண்மைதான். கண்ணால் பார்த்துப் பதிவு செய்தவை சில ஆண்டுகளில் ஆறுதான். ஆனால் பாலைவனத்தில் விழுந்த பறவையின் உடல் எவ்வளவு நேரம் கிடக்கும்? நரியும் நாயும் இரவோடு இரவாக இழுத்துப்போகும். கம்பியில் அடிபட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப்போய் விழும் பறவையை யார் தேடுகிறார்கள்? மதிப்பீடு பாதியாகவே இருக்கட்டும். ஒன்பது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்த இனம் தாங்காது.

கானமயில் ஏன் கம்பியில் மோதுகிறது என்பதைத் தெரிந்துகொண்டவர்கள் பிறகு பூனைக் கணக்கைப் பேச மாட்டார்கள் என்று நம்புகிறேன். பெருங்கானமயில் இனங்களின் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்தவை. பக்கங்களில் வெகுதூரம் தெரியும். நேர் எதிரே பார்வைப் பரப்பு குறுகலானது. ஆப்பிரிக்காவின் கோரி கானமயிலை ஆராய்ந்த கிரகாம் மார்ட்டினும் ஜெஸ் ஷாவும் 2010இல் ஒன்றைக் காட்டினார்கள்: பறக்கும்போது அது தரையைப் பார்க்கத் தலையை 25 டிகிரி தாழ்த்தினாலே போதும், போகும் திசையில் அதற்குக் கண் தெரியாது. பறந்தபடி கீழே இரையையும் தன் இனத்தையும் தேடுவது அதன் இயல்பு. எதிரே கம்பி இருக்கிறது என்று தெரியவரும்போது, அத்தனை கனமான உடலைச் சட்டென்று திருப்ப முடியாது. கம்பியில் தொங்கவிடும் ஒளிர்வட்டுகளால், அதாவது பறவை திசைதிருப்பிகளால், மட்டும் இதைத் தீர்த்துவிடலாம் என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். எதிரே பார்க்காத பறவைக்கு எதிரே மாட்டிய விளக்கால் எவ்வளவு பயன்? மோதல்கள் ஓரளவு குறையும், நிற்காது. லட்சக்கணக்கான ஆண்டுகள் வெட்டவெளியில் வாழ்ந்த பறவை அது. அதன் வானத்தில் குறுக்கே எதுவும் இருந்ததில்லை.

நீதிமன்றக் கதையும் இங்கே தேவை, ஏனென்றால் 'பறவையா, மின்சாரமா' என்ற பொய்ச் சண்டை முழுமையாக அரங்கேறியது அங்கேதான். கானமயிலைக் காக்கக் கோரிக் காட்டுயிர்ப் பாதுகாவலர் எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மின்கம்பிகளை மேலே கொண்டுசெல்வதற்குத் தடை விதித்தது. நிலத்தடியில் புதைக்கச் சொன்னது. சுற்றுச்சூழல், மின்சாரம், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆகிய மூன்று அமைச்சகங்களும் சேர்ந்து ஆணையைத் திருத்தக் கோரின. காட்டுயிரைக் காக்கும் பொறுப்புள்ள அமைச்சகமும் அந்தப் பக்கம்தான் நின்றது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் பொதுத் தடையை விலக்கி ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அதே தீர்ப்பில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்றும் சொன்னது. நல்ல சொல். ஆனால் அதைப் பறவைக்கு எதிரான சொல்லாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு.

2021 ஆணை அளவுக்கு மீறி அகலமானது என்ற அரசின் வாதத்தில் நியாயம் இருந்தது. 400 கிலோவோல்ட், 765 கிலோவோல்ட் தடங்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு மண்ணில் புதைப்பது லேசான வேலை இல்லை. கேபிள் சூடாகும், கேபிளே ஒரு மின்தேக்கி போல நடந்துகொண்டு, மின்சாரத்தைக் கொண்டுபோகும் திறனில் ஒரு பகுதியைத் தானே விழுங்கும், இணைப்புகள் பழுதாகும், செலவு பல மடங்கு. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து 'எனவே எங்கும் கம்பி போகலாம்' என்ற முடிவு எப்படி வந்தது? 2025 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நிபுணர் குழுப் பரிந்துரையைப் பாருங்கள். ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டர், குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டர் முன்னுரிமைப் பகுதி. அதற்குள் புதிய காற்றாலை கூடாது, 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதிய சூரிய மின் பூங்கா கூடாது, பெருந்தடங்கள் குறித்த பாதைகளில் மட்டும் போக வேண்டும். பழைய தடைப் பரப்பில் ஏழில் ஒரு பங்கு அளவுதான் இது. பறவையைக் காப்பாற்றினால் நாட்டின் மின்சாரக் கனவே நின்றுபோகும் என்று சொல்லப்பட்டதே, எங்கே நின்றது? இந்த எல்லைக்கோட்டைப் பூங்காக்களை ஏலம் விடுவதற்கு முன்பே வரைந்திருக்கலாம். கானமயில் எங்கே முட்டையிடுகிறது, எங்கே மேய்கிறது என்பது வனத்துறைக்குத் தெரியாத செய்தி அல்ல. முதலில் கம்பியை இழுத்துவிட்டு, பிறகு 'போட்டாகிவிட்டது, மாற்றினால் நட்டம்' என்று நீதிமன்றத்தில் சொல்வது ஒரு திட்டமிடல் முறையாகவே ஆகிவிட்டது. நான் சண்டை போடுவது இந்த முறையோடுதான்.

இந்த முறைக்குச் சட்டமே வழிவிடுகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை காற்றாலைகளையும் சூரிய ஒளிமின் திட்டங்களையும் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரில் சோலார் பூங்கா வைப்பவர் அங்கே என்ன உயிர் வாழ்கிறது என்று பார்த்து அறிக்கை தரக் கடமைப்பட்டவர் அல்லர். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இவற்றை மாசற்ற 'வெள்ளை' வகையில் சேர்த்தது. புகை வராது என்பது சரி. ஆனால் புகை மட்டுமா கேடு? ஜோத்பூர்ப் பக்கம் பட்லா பூங்கா 14,000 ஏக்கர் அளவில் விரிந்து 2,245 மெகாவாட் தருகிறது. அத்தனை பெரிய ஒன்றை மதிப்பீடு தேவைப்படாத தொழிலாகக் கருதும் விதி மாற வேண்டாமா?

நிலத்தைப் பற்றிய பார்வையும் இதோடு பிணைந்தது. தார் புல்வெளி அரசுப் பதிவேடுகளில் பெரும்பாலும் தரிசு. வரி தராத நிலமெல்லாம் வீண் நிலம் என்று வெள்ளையர் காலத்தில் எழுதிவைத்தது இன்னும் நம் பதிவேடுகளில் இருக்கிறது. அந்தத் 'தரிசில்' செவண் புல் விளைகிறது, ஆடும் மாடும் ஒட்டகமும் மேய்கின்றன. ஓரான் என்று அழைக்கப்படும் தெய்வக் காடுகளைத் தலைமுறை தலைமுறையாக ஊர்கள் காத்துவருகின்றன. நம் ஊர்க் கோயில் காடுகளில் போலவே அங்கேயும் யாரும் மரம் வெட்டுவதில்லை. ஜெய்சால்மரில் தேக்ராய் ஓரான் வழியாக மின்தடங்கள் போவதை எதிர்த்து மேய்ச்சல்காரர்கள் போராடியிருக்கிறார்கள். பிகானேரில் சூரிய மின் பூங்காக்களுக்காக வன்னி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிஷ்ணோய் மக்கள் எழுந்தார்கள். அந்த மரத்துக்காக 1730இல் கேஜ்ரலியில் 363 பேர் உயிர் கொடுத்த சமூகம் அது. இவர்களில் யாரும் நிலக்கரி நிறுவனங்களின் கையாட்கள் இல்லை. கடும் வெப்பத்தில் வாழ்கிறவர்கள், காலநிலை மாற்றத்தின் சூட்டை முதலில் உணர்கிறவர்கள்.

செத்து விழுந்த உடல்களை மட்டும் எண்ணும் பழக்கத்துக்கும் ஒரு பதில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாத்தாரா அருகே சால்கேவாடி பீடபூமியில் பல ஆண்டுகளாகக் காற்றாலைகள் சுழல்கின்றன. மரியா தாக்கரும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, காற்றாலைகள் உள்ள பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அந்தப் பறவைகள் இல்லாததால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகின. பெருகியதோடு நிற்கவில்லை. ஆள் வெகு அருகே வரும்வரை ஓடாமல் இருந்தன, உடல் மெலிந்தன, ஆண் ஓணானின் தொண்டை நிறம் மங்கியது. காற்றாலையின் கீழே ஒரு பறவைகூடச் செத்துக் கிடக்காவிட்டாலும் அந்தப் பீடபூமியின் உயிர்ச்சங்கிலி மாறிப்போயிருக்கும். இது எந்தப் பூனைக் கணக்கில் வரும்?

இனி, எல்லாவற்றுக்கும் மேலாக நிறுத்தப்படும் காலநிலை வாதம். புதைபடிவ எரிபொருள் ஒவ்வொரு கிகாவாட் மணிநேரத்துக்கும் ஐந்து பறவைகளுக்கு மேல் கொல்கிறது, காற்றாலை 0.3தான் என்று பென்ஜமின் சோவகூல் 2009இல் எழுதிய கட்டுரையின் எண்களை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஐந்தில் பெரும்பகுதி, வருங்காலத்தில் புவி வெப்பத்தால் அழியக்கூடிய இனங்களைப் பற்றிய ஊகத்திலிருந்து கணக்கிட்டுப் பெறப்பட்டது. வருங்காலத்தில் அழியலாம் என்ற கணக்கையும் இன்று கம்பியில் மோதி விழும் உடலையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். புவி வெப்பம் மெய்யான ஆபத்து; அதற்காக இந்தக் கணக்கை ஏற்க வேண்டியதில்லை. காலநிலையைக் காப்பதன் நோக்கமே உயிர்கள் வாழ்வதுதான் என்றால், அந்த நோக்கத்தின் பெயராலேயே ஓர் இனத்தை முற்றாக இழப்பதை விலை என்று எப்படிச் சொல்வது? வெப்பம் குறைந்த பூமிக்குக் கானமயில் திரும்பி வராது.

விலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் உண்மையில்லை. ஸ்பெயினின் தரீஃபாவில் பாறுகள் நெருங்கும்போது குறிப்பிட்ட சில காற்றாலைகளை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். பாறுகளின் இறப்பு பாதியாகக் குறைந்தது. ஆண்டு முழுவதற்குமான மின் உற்பத்தி இழப்பு 0.07 விழுக்காடு. அமெரிக்காவில் காற்று மெதுவாக வீசும் இரவுகளில் விசிறிகளைச் சுழலவிடாமல் வைத்தபோது வௌவால்களின் சாவு பாதியளவும் அதற்கு மேலும் குறைந்தது. மின் இழப்பு ஒரு விழுக்காட்டுக்குள். நார்வேயின் ஸ்மோலா தீவில் காற்றாலையின் மூன்று விசிறிகளில் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசியதில் பறவை இறப்பு எழுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. சில காற்றாலைகளில் மட்டும் செய்த சோதனை அது, ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இவற்றைச் செய்யச் சொல்லிக் கேட்பவரை நிலக்கரியின் நண்பர் என்று பட்டம் கட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஆண்டுக்கு 0.07 விழுக்காடு மின்சாரத்துக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம்?

பறவைகளின் பெயரைச் சொல்லிக் காற்றாலையே வேண்டாம் என்கிற அரசியல்வாதிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். எண்ணெய்க் கிணறுகளுக்கும் சுரங்கங்களுக்கும் அனுமதி வழங்கும்போது அவர்களுக்குப் பறவை நினைவு வராது. அவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. ஆனால் அவர்கள் பொய்யாகச் சொல்வதால் இலங்கையின் மன்னார் மக்கள் சொல்வது பொய்யாகிவிடாது. மன்னார்த் தீவின் தென்கரையில் ஏற்கெனவே 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி 103.5 மெகாவாட் தருகிறது. அதன்பின் 250 மெகாவாட்டுக்கு 52 காற்றாலைகள் நடும் அதானி திட்டம் வந்தது. சூழல் அமைப்புகள் இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. அரசு மின்விலையை மறுபரிசீலனை செய்யத் தொடங்கியதும் 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு வேறு காற்றாலைகள் வந்தபோது மக்கள் வீதியில் இறங்கினார்கள். மன்னார், மத்திய ஆசியப் பறவைப் பாதை இலங்கைக்குள் நுழையும் வாசல். அருகிலுள்ள வங்காலை சரணாலயம் ராம்சார் ஈரநிலம். நம் கோடியக்கரைக்கும் ராமேசுவரத்துக்கும் வருகிற வலசைப் பறவைகளுக்கும் மன்னார்ப் பறவைகளுக்கும் இடையே இருப்பது ஒரு நீரிணை மட்டும்தான். அந்தத் தீவு மக்கள் மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவ்வளவு சிறிய, தாழ்வான தீவில் இத்தனை கோபுரங்கள் எதற்கு, வேறிடம் இல்லையா என்றுதான் கேட்டார்கள்.

வேறிடம் இருக்கிறதா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டிலேயே கேட்டுப்பார்க்கலாம். 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறன் கொண்ட மாநிலம் இது. முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் பகுதிகளிலும் முப்பது ஆண்டுக்கு முந்தைய சிறு காற்றாலைகள் நாட்டின் மிகச் சிறந்த காற்றில் நின்றுகொண்டு சொற்ப மின்சாரமே தருகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு எண்ணிக்கையில் குறைவான பெரிய காற்றாலைகளை நட்டால், புதிதாக ஒரு புல்வெளியைத் தொடாமலே உற்பத்தி பெருகும். இதற்கான கொள்கையை அரசு 2024இல் அறிவித்துவிட்டது. அதன் வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் புதிய இடங்களைத் தேடி ஓடுவது ஏன் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். வீட்டுக் கூரைகள், கிடங்குக் கூரைகள், கால்வாய்ப் பரப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் நாட்டின் தேவை முழுவதும் நிறைவேறாது. பெரும் பூங்காக்களும் வேண்டும். அவை எங்கே வர வேண்டும் என்பதை ஏலத்துக்கு முன்பே வனத்துறையும் ஊராரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் காற்றாலையும் சூரிய மின் பூங்காவும் சேர வேண்டும்.

ஜெய்சால்மர் மாவட்டத்தில் சாம், ராம்தேவ்ரா என்ற இரண்டு மையங்களில் கானமயில்களை வளர்க்கிறார்கள். 2019இல் தொடங்கிய வேலை. 2024இல் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு பொரித்தது. இப்போது அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட பறவைகள் இருக்கின்றன. இது அரும்பெரும் சாதனை. அதைச் செய்தவர்களை வணங்குகிறேன். ஆனால் இந்தப் பறவைகளை ஒருநாள் வெளியே விட வேண்டும், விட்டால் அவை பறக்கப்போவது கம்பிகள் ஓடும் அதே வானத்தில்தான். முன்னுரிமைப் பகுதிக்குள் இன்னும் மேலே ஓடும் 33 கிலோவோல்ட் தடங்களையும் அதற்குக் கீழானவற்றையும் புதைக்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை, இருப்பது செலவு மட்டுமே. பறவைகளைத் திறந்துவிடுவதற்கு முன் அந்த வேலை முடிய வேண்டும். அந்தச் செலவைப் பூங்கா நிறுவனங்களிடமிருந்து வாங்குங்கள். மிச்சத்தை நாடெங்கும் மின்கட்டணத்தில் ஏற்றுங்கள். என் வீட்டு ரசீதில் வருகிற பங்கை நான் கட்டத் தயார்.